கல் முனை அம்பும் மூங்கில் வில்லும்: வேலூர் பக்கம் இருந்துட்டே முழுசா செய்யறது எப்படி

கல்லுல அம்பு முனை தட்டி, மூங்கில்ல வில்லு சீவி, நாணுக்கு நாரும் நாமளே உரிச்சு, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கையாலயே செய்யணும்னு ஆசைப்படறவங்களுக்காக இத எழுதறேன். வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைன்னு பழைய வட ஆற்காடு ஜில்லாக்குள்ள என்ன பொருள் எங்க கிடைக்கும், எது நம்ம ஊரு வெயிலுக்கு தாங்கும்னு பாத்து தான் எழுதிருக்கேன், வெளிநாட்டு வீடியோல வர்ற மரமும் கல்லும் இங்க கிடைக்காது, அத பாத்துட்டு பாதில விட்டவங்க நிறைய பேரு.

முதல்ல சட்டம். நம்ம நாட்டுல காட்டு மிருகத்த வேட்டையாடக் கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல ஆயுதம்னு சொல்ற இடத்துலயே வில்லும் அம்பும் பேரு போட்டு இருக்குது, கண்ணி, வலை, விஷம் எல்லாம் அதே வரிசைல தான் வருது. கொன்னா மட்டும் தான் தப்புன்னு நினைச்சுக்காதீங்க, துரத்தறது, கண்ணி வெக்கறது, இர போட்டு இழுக்கறது, இதுக்கெல்லாம் முயற்சி பண்றது கூட வேட்டைன்னு தான் கணக்கு. முயலும் சேத்தி, காட்டுப்பன்னியும் சேத்தி. அதனால ஜவ்வாது மலைப் பக்கமோ அமிர்தி காட்டுப் பக்கமோ வில்ல தூக்கிட்டு போறது வேணவே வேணாம். நாம அடிக்கப்போறது வைக்கோல. ஆனா வேட்டைக்கு ஒரு அம்பு எப்படி இருக்கணுமோ அப்படியே செய்வோம், ஏன்னா அந்த அளவு கோல வெச்சு தான் வேலை சுத்தமா வந்துதா இல்லையான்னு தெரியும். டென்மார்க், ஃபின்லாந்து, அமெரிக்கா மாதிரி இடத்துல லைசென்ஸ் வாங்கி வில் வேட்டை நடக்குது. அமெரிக்கால மாநிலத்துக்கு மாநிலம் ரூல் வேற, வில்லோட இழுப்பு எவ்வளோ இருக்கணும், முனை எவ்வளோ அகலம் இருக்கணும்னு எழுதி வெச்சிருப்பாங்க, சில இடத்துல கல் முனைக்கு அனுமதியே கிடையாது. பிரிட்டன்ல வில் வேட்டையே தடை. அங்க இருக்குற நம்ம ஆளுங்க அந்தந்த ஊரு ரூல படிச்சுட்டு தான் இறங்கணும்.

நம்ம மண்ணுக்கு இது புதுசு இல்ல. 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற வெள்ளைக்கார புவியியல் ஆய்வாளர் பல்லாவரத்துலயும் அப்புறம் அத்திரம்பாக்கத்துலயும் கற்காலத்துக் கைக்கோடாரி கண்டுபிடிச்சாரு, அத்திரம்பாக்கம் கொசஸ்தலை ஆத்துப் பக்கம், இங்கேந்து ரொம்ப தூரம் இல்ல. அங்க கிடைச்சதுல சிலது 15 லட்சம் வருஷம் பழசுன்னு 2011ல ஆராய்ச்சி வந்துச்சு. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளில 1960கள்ல தொல்லியல் துறை தோண்டினப்ப புதிய கற்காலத்து வழவழப்பான கோடாரிங்க கிடைச்சுது. செங்கம் நடுகல்லுல வீரன் கைல வில்லு இருக்கும், பாத்திருப்பீங்க, ஆனா அது இரும்பு முனைக் காலம், கல் முனைன்னு அத காட்டக் கூடாது. கல் முனை அம்பு வேற, அது சின்னச் சின்னச் சில்லு. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் தேரின்னு சொல்ற செம்மணல் மேட்டுல கிடைக்கிற நுண்கற்கருவிங்க அந்த வகை, பிறை வடிவம், முக்கோணம்னு நகத்து அளவு தான் இருக்கும். இத ஏன் சொல்றேன்னா, பாதி பேரு அமெரிக்கப் பழங்குடி ஸ்டைல்ல பெருசா முக்கோணமா ஒரு முனைய மனசுல வெச்சிட்டு வர்றாங்க, நம்ம ஊரு கல்லுக்கு அது ஒத்து வராது. ரெண்டு வழியும் கீழ சொல்றேன்.

எதுல ஆரம்பிக்கணும்

எல்லாரும் வில்லுல ஆரம்பிப்பாங்க. நான் சொல்றது, முனைல ஆரம்பிங்க. முனையோட வெயிட்டு தெரிஞ்சா தான் தண்டு எவ்வளோ விறைப்பா இருக்கணும்னு தெரியும், தண்டு தெரிஞ்சா தான் வில்ல எவ்வளோ இழுப்புக்கு சீவணும்னு முடிவு பண்ணலாம். வில்லு பலமா செஞ்சிட்டு அப்புறம் அதுக்கு அம்பு தேடினா அம்பு பக்கவாட்டுல ஆடிட்டே போகும், கல் முனை வேற ஒடையும். இன்னொரு காரணமும் இருக்கு, மூங்கில் காய ஒன்றர ரெண்டு மாசம் ஆவும், அந்த நேரத்துல கல்லு தட்டி பழகிக்கலாம். அதனால முதல் நாளே மூங்கில மட்டும் வாங்கி நிழல்ல போட்டுடுங்க.

கல்லு

வேலூர் சுத்தி இருக்குற மலையெல்லாம் கருங்கல்லு, சார்னோகைட், நைஸ். அது கட்டடத்துக்கு நல்லது, சில்லு எடுக்க ஆவாது, குருணை குருணையா உதிரும். நமக்கு வேணும்னா கண்ணாடி மாதிரி வழுக்கிட்டு உடையற கல்லு வேணும், தட்டின இடத்துல சிப்பி ஓட்டு வடிவத்துல வளைஞ்சு பேரும் பாருங்க, அது தான் சரியான கல்லு. சிக்கிமுக்கிக் கல்லு, செர்ட், அகேட், அப்சிடியன்னு சொல்ற எரிமலைக் கண்ணாடி எல்லாம் அந்த ஜாதி. அகேட் குஜராத் கம்பாத்துல இருந்து பச்சைக் கல்லாவே வாங்கலாம், அப்சிடியனும் ஆன்லைன்ல துண்டா விக்கிறாங்க. நம்ம ஊர்ல தாராளமா கிடைக்கறது வெங்கச்சங்கல்லு, வெள்ளையா வயல் ஓரம், பாலாத்துப் படுகைல எல்லாம் கிடக்கும். அது கொஞ்சம் முரட்டுக் கல்லு, நாம நினைக்கிற பக்கம் உடையாது, ஆனா நுண்கற்கருவிக்கு அது போதும்.

திருவக்கரை கல்மரம் பாத்துட்டு அதுல செய்யலாமான்னு சிலரு கேப்பாங்க. அது பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு துண்டு கூட எடுக்கக் கூடாது. அதே மாதிரி தொல்லியல் இடத்துல கிடக்கிற பழைய சில்ல எடுத்து மறுபடி தட்டறது பெரிய பாவம், அங்க உக்காந்து புதுசா தட்டறதும் பாவம் தான், நாம போட்ட சில்லு பழசோட கலந்து போச்சுன்னா பின்னாடி ஆராய்ச்சி பண்ண வர்றவங்களுக்கு குழப்பம். வீட்ல தட்டின சில்ல எல்லாம் ஒரு டப்பால போட்டு மூடி, பொதைக்கறதா இருந்தா கூடவே ஒரு ரூபா காசு ஒண்ண போட்டு பொதைங்க, எந்த வருஷத்துதுன்னு தெரிஞ்சிரும்.

கத்துக்க ஆரம்பிக்கிறதுக்கு கல்லே வேணாம், பாட்டில் போதும். தடி பாட்டிலோட அடிப்பாகம், அது தான் பெஸ்ட். 1911ல கலிஃபோர்னியால வெளிய வந்த இஷிங்கற யாஹி மனுஷன், அவரு கூட்டத்துல கடைசி ஆளு, அவரே பாட்டில் கண்ணாடில அழகழகா அம்பு முனை செஞ்சிருக்காரு. உடைஞ்ச தரை டைல்ஸ், பழைய பீங்கான் வாஷ்பேசின் துண்டு கூட நல்லா வரும்.

கருவிங்க. மான் கொம்பு வேணும்னு எல்லா வீடியோலயும் சொல்லுவான், நம்ம நாட்டுல அத வெச்சிருக்கறதே குத்தம், காட்டுல தானா விழுந்தது ஆனாலும் எடுக்கக் கூடாது. அதுக்குப் பதிலா ரெண்டு இருக்கு. ஒண்ணு எருமைக் கொம்பு, கம்பாத்துல அகேட் தட்டறவங்க பரம்பரையா எருமைக் கொம்பு சுத்தியல் தான் வெச்சிருக்காங்க, அந்த ஊரு மணி வேலைப்பாடு உலகம் பூரா போனது அதுல தட்டித் தான். இன்னொண்ணு காப்பர். எலக்ட்ரிக்கல் கடைல எர்த்திங் போட்ற 8ஆம் நம்பர் காப்பர் கம்பி, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடி இருக்கும், அத ஒரு சாண் மரக்கட்டைல ஓட்டை போட்டு இறுக்கி, ஒரு விரல் கட்டை அளவு வெளிய நீட்டிக்கிட்டு, நுனிய அரத்துல பென்சில் மாதிரி தேச்சுக்கங்க. உருண்டையான ஆத்துக் கூழாங்கல்லு ரெண்டு மூணு சைஸ்ல, சாணைக்கல்லு உடைஞ்ச துண்டு ஒண்ணு, அப்புறம் தடியான தோல். தோலுக்கு நமக்கு கவலையே இல்ல, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் யாராவது ஷூ கம்பெனில வேலை பாக்கற சொந்தக்காரங்க இல்லாத வீடு கம்மி, வெட்டுத்துண்டு கேட்டா கிடைக்கும். உள்ளங்கைக்கு ஒரு துண்டு, தொடை மேல போட பெரிய துண்டு ஒண்ணு.

பாதுகாப்பு விஷயத்துல நான் கறாரா சொல்றேன். கண்ணுக்கு கண்ணாடி இல்லாம ஒரு தட்டு கூட தட்டாதீங்க. கல்லுத் தூசி நுரையீரலுக்குள்ள போனா சிலிக்கோசிஸ் வரும், வந்தா போவாது, அதனால திறந்த வெளில, காத்து பக்கவாட்டுல போற மாதிரி உக்காந்து, என்95 மாஸ்க் போட்டு தட்டணும். கீழ தார்ப்பாய் விரிங்க. குழந்தைங்க வெறுங்கால்ல நடக்குற வாசல்ல வேணாம்.

சில்லு எடுக்கறது

பாட்டிலுக்குள்ள ஒரு பெரிய போல்ட்ட போட்டு, வாய துணில மூடி, மேலயும் கீழயும் ரெண்டு மூணு தரம் வேகமா ஆட்டினா அடிப்பாகம் தட்டா கழண்டு விழும். அந்த வட்டத்த எடுத்து, ஓரத்த சாணைக்கல்லுல நல்லா தேய்ங்க. இந்த தேய்க்கற வேலைய தான் எல்லாரும் அலட்சியம் பண்ணுவாங்க. கூர்மையான ஓரம் பலவீனமா இருக்கும், அதுல அழுத்தினா நொறுங்கிப் போவும், சில்லு ஓடாது. ஓரம் மழுங்கி கரகரன்னு இருந்தா தான் அழுத்தம் கல்லுக்குள்ள இறங்கும்.

இடது உள்ளங்கைல தோல் வெச்சு, அது மேல கண்ணாடிய வெச்சு விரலால இறுக்கிப் பிடிங்க. காப்பர் நுனிய ஓரத்துல வெச்சு முதல்ல கல்லுக்குள்ள நோக்கித் தள்ளுங்க, தோள்ல இருந்து பலம் வரணும், மணிக்கட்டுல இருந்து இல்ல. உள்ள நோக்கின பலம் முழுசா ஏறினப்புறம் லேசா கீழ நோக்கி அழுத்துங்க. டிக்குன்னு ஒரு சத்தம் வரும், அடிப்பக்கமா ஒரு நீளச் சில்லு பேந்து வந்திருக்கும். சில்லு எப்பவும் கீழ்ப்பக்கம் தான் பேரும், மேல இல்ல. எடுத்த எடுப்புலயே கீழ அழுத்தினா ஓரம் மட்டும் ஒடஞ்சு குட்டிச் சில்லா வரும், முனை தடியாவே இருந்துட்டு அகலம் மட்டும் குறைஞ்சிட்டே போவும்.

அடுத்த சில்லு எங்க எடுக்கறதுன்னா, முதல் சில்லு போன தடத்துக்கு பக்கத்துல ஒரு மேடு நிக்கும் பாருங்க, அந்த மேட்டு மேல ஓடற மாதிரி எடுக்கணும். உடைப்பு எப்பவும் மேட்ட தேடிப் போவும். ஒரு பக்கம் முழுக்க எடுத்துட்டு, ஓரத்த மறுபடி தேச்சு, திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். நாம அழுத்தற ஓரம் கல்லோட நடுக்கோட்டுக்கு கொஞ்சம் கீழ்ப்பக்கமா இருக்கணும், மேல இருந்தா கல்லு ரெண்டா ஒடஞ்சிரும். இப்படியே மாத்தி மாத்தி போனா இலை மாதிரி வடிவம் வரும். அளவு, நீளம் 3ல இருந்து 4 செண்டிமீட்டர், அகலம் 2 செண்டிமீட்டருக்கு மேல, தடிமன் 5 மில்லிமீட்டருக்குள்ள, வெயிட்டு 3ல இருந்து 5 கிராம். தராசு நகைக்கடைல வெக்கற குட்டி டிஜிட்டல் தராசு போதும்.

கடைசியா அடிப்பக்கம் ரெண்டு சைடுலயும் காது வெட்டணும், கட்டு பிடிக்கறதுக்கு. தட்டையா அடிச்ச காப்பர் கம்பியால ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம்னு சின்னச் சின்ன சில்லா எடுத்து உள்ள போங்க. அந்தக் காதோட உள் ஓரத்தையும், அடி ஓரத்தையும் சாணைக்கல்லுல நல்லா மழுக்கிடணும், இல்லன்னா கட்டற நரம்ப அதுவே அறுத்துரும்.

இது ஒரு வழி. அகேட், செர்ட் எல்லாம் இதே முறை தான், ஆனா முதல்ல கூழாங்கல்லால தட்டி பெரிய சில்லு எடுத்து, எருமைக் கொம்பால தட்டி மெலிசாக்கி, அப்புறம் தான் காப்பர். தட்டற ஓரத்தோட கோணம் 90 டிகிரிக்கு கம்மியா இருக்கணும், அதுக்கு மேல போனா எவ்வளோ ஓங்கினாலும் சில்லு வராது, கல்லு தான் விரிசல் விடும். அகேட்ட மணலுக்கு அடில பொதைச்சு மேல ஒரு நாள் பூரா தணல் வெச்சு, அப்படியே விட்டு மெதுவா ஆற விட்டீங்கன்னா தட்டறதுக்கு இன்னும் இணக்கமா வரும். அவசரப்பட்டு சூட்டோட எடுத்தா வெடிச்சு மூஞ்சில அடிக்கும்.

ரெண்டாவது வழி வெங்கச்சங்கல்லு வழி, எனக்கு மனசுக்கு நெருக்கமானது இது தான். ஒரு தட்டையான கருங்கல்ல கீழ வெச்சு, அது மேல எலுமிச்சம்பழ அளவு வெங்கச்சங்கல்ல நிக்க வெச்சு, மேல இருந்து கூழாங்கல்லால நேரா அடிங்க. கீழ இருந்தும் மேல இருந்தும் ஒரே நேரத்துல அதிர்ச்சி போகும், கல்லு பிளந்து நீளநீளமா சின்ன சில்லுங்க விழும். அதுல ஒரு பக்கம் பிளேடு மாதிரி ஓரம் இருக்குறதா பொறுக்கி, எதிர் பக்கத்த மட்டும் காப்பர் நுனியால தட்டி மழுக்கி பிறை வடிவத்துக்கு கொண்டாங்க. ரெண்டு செண்டிமீட்டர் இருந்தா போதும். ஒண்ண நுனில குத்துற மாதிரி, இன்னொண்ண கொஞ்சம் கீழ பக்கவாட்டுல முள்ளு மாதிரி, மரத்துல வெட்டின காடில அரக்கு போட்டு பதிச்சா முடிஞ்சுது. ஒண்ணு ஒடஞ்சா அத மட்டும் மாத்திக்கலாம். இலை வடிவ முனைய செய்ய ஆவுற நேரத்துல இத ஒரு கைப்பிடி செஞ்சிடலாம்.

தண்டு

நாணல் மெலிசு, ஆடும். 8 இல்ல 9 மில்லிமீட்டர் தடி இருக்குற மூங்கில் கிளைக்குச்சி தான் சரி. மண்டில மூங்கில் வாங்கறப்பவே பக்கக் கிளைங்கள்ல நேரானதா பொறுக்கிக்கங்க. நெருப்பணல்ல காட்டி, சூடா இருக்கறப்பவே கோணல எதிர்ப்பக்கம் வளைச்சு, ஆறுற வரைக்கும் அப்படியே பிடிச்சிருந்தா நேரா நிக்கும். கணுவ அரத்துல வழிச்சு விடுங்க.

நீளம் 72 செண்டிமீட்டர் பக்கம். விறைப்பு பாக்க ஒரு சுலப வழி, ரெண்டு முட்டுக்கு நடுவுல 66 செண்டிமீட்டர் இடைவெளி விட்டு தண்ட படுக்க வெச்சு, நடுவுல 900 மில்லி தண்ணி ஊத்தின பாட்டில தொங்க விடுங்க. நடுவுல எவ்வளோ இறங்குதுன்னு ஸ்கேல்ல பாருங்க. 17, 18 மில்லிமீட்டர் இறங்கினா 16, 17 கிலோ இழுப்பு வில்லுக்கு அது பொருந்தும். ரொம்ப கம்மியா இறங்கினா விறைப்பு ஜாஸ்தி, சீவி குறைக்கணும். எல்லா தண்டும் ஒரே மாதிரி இறங்கணும், அது தான் முக்கியம், வில்லுக்கு ஒரு ஜோடி சேராத அம்ப வெச்சு குறி பழகவே முடியாது.

பின் நுனில நாண் உக்கார்ற காடிய ஒரு கணுவுக்கு கொஞ்சம் மேல வர்ற மாதிரி வெட்டுங்க, பிளவு கணுவ தாண்டி போகாது. 7 மில்லிமீட்டர் ஆழம் போதும், அதுக்கு கீழ நூல் சுத்து கண்டிப்பா போடணும். முன் நுனில மூங்கில் உள்ள பொந்தா இருக்கும், அதுக்குள்ள புளியங்கட்டைலயோ வேலங்கட்டைலயோ ஒரு ஜாண் குச்சி சீவி சொருகி வஜ்ஜிரம் போட்டு ஒட்டி சுத்திடுங்க. முனை அந்தக் கட்டைல தான் உக்காரும். ஒடஞ்சா கட்டைய மட்டும் மாத்தலாம், தண்டு தப்பிச்சுக்கும்.

இறகுக்கு வான்கோழி ரெக்கை இறகு, பண்ணைல கேட்டா குடுப்பாங்க, வாத்து இறகும் ஓகே. மயிலிறகு வேணாம், தேசியப் பறவை, கேள்வி கேட்டா பதில் சொல்லிட்டு இருக்கணும். மூணு இறகும் ஒரே பக்கத்து ரெக்கைல இருந்து எடுக்கணும், இடதும் வலதும் கலந்தா சுழற்சி ஒண்ண ஒண்ணு தடுக்கும். நடுத்தண்ட ரெண்டா பிளந்து, 10 செண்டிமீட்டர் நீளம், ஒன்றர செண்டிமீட்டர் உயரம் வெட்டி, நூல் சுத்தி ஒட்டுங்க.

முனைய கட்டறது

மாட்டுக்கறிக் கடைல பின்னங்கால்ல குதிகாலுக்கு மேல போற வெள்ள நரம்ப கேட்டு வாங்கிட்டு வந்து, கொழுப்ப வழிச்சுட்டு நிழல்ல காய விடுங்க. கட்டையா காய்ஞ்சதும் கல்லுல வெச்சு மரச்சுத்தியால நசுக்கினா இழை இழையா பிரியும். இந்த இழைய வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு சுத்தினா தானா ஒட்டிக்கும், முடிச்சே வேணாம், காயறப்ப சுருங்கி இரும்பு மாதிரி இறுகும். வேணாம்னு நினைக்கிறவங்க ஷூ தைக்கிற மெழுகு நூல் வெச்சுக்கலாம்.

பசைக்கு நாட்டு மருந்துக் கடைல குங்கிலியம் வாங்குங்க. குங்கிலியம் மூணு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, நல்லா சலிச்ச கரித்தூள் ஒரு பங்கு. சின்ன தீயில, வெளில வெச்சு உருக்கணும், பத்திக்கும், பக்கத்துல மணலோ மூடியோ இருக்கட்டும். இதுல ஒரு விஷயம், சித்திரை வைகாசி வேலூர் வெயில்ல மெழுகு பங்கு கூட இருந்தா பசை இளகி முனை ஆட ஆரம்பிச்சிரும், அந்த மாசத்துல மெழுக பாதியா குறைச்சு அரக்கு கொஞ்சம் சேத்துக்கங்க.

கட்டைல 15 மில்லிமீட்டர் பிளவு வெட்டி, சூடான பசை விட்டு, முனைய சொருகி நேரா இருக்கான்னு விரல்ல உருட்டிப் பாருங்க. நுனி வட்டமடிக்காம ஒரே புள்ளில நிக்கணும். அப்புறம் காது வழியா குறுக்கும் நெடுக்குமா நரம்பு சுத்தி, காய்ஞ்சதும் மேல இன்னொரு தரம் பசை பூசி, கல்லுல இருந்து கட்டைக்கு சரிவா வழுவழுன்னு இறங்கற மாதிரி விரல நனைச்சு தடவிடுங்க. அந்த இடத்துல படி மாதிரி ஏதாவது நின்னா தோல்ல தட்டி அம்பு நின்னு போவும்.

கூர்மைய கட்டை விரல்ல பாக்காதீங்க. ரப்பர் பேண்ட இழுத்து வெச்சு ஓரத்தால லேசா தொட்டா பட்டுனு அறுந்து போகணும். முழு அம்பு 30ல இருந்து 35 கிராம் வரலாம். விரல்ல வெச்சு சமநிலை பாத்தா நடுவுல இருந்து 7, 8 செண்டிமீட்டர் முனைப் பக்கம் தள்ளி நிக்கணும்.

வில்லு

மண்டில போய் "அண்ணா, கல் மூங்கில்ல மூணு வருஷம் முத்தினது, அடித்துண்டா குடுங்க"ன்னு கேளுங்க. கல் மூங்கில் உள்ள கிட்டத்தட்ட கெட்டியா இருக்கும், சதை தடி, ஒரே பட்டைல வில்லு வரும். பெருமூங்கில் தான் கிடைச்சுதுன்னா ரெண்டு பட்டைய ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு நடுவுல கட்டணும், மேல்பட்டை முழு நீளம், அடிப்பட்டை பாதி நீளம். பட்டா நிலத்து மூங்கில வெட்ட 2017க்கு அப்புறம் மரம்னு கணக்கில்ல, ஆனா காட்டு மூங்கில தொடாதீங்க.

நீளம் 165 செண்டிமீட்டர், அகலம் நடுவுல 4 செண்டிமீட்டர். நீளவாக்குல பிளந்து நிழல்ல காய விடணும், வெயில்ல போட்டா நம்ம ஊருல ரெண்டே நாள்ல வெடிச்சிரும். காய்ஞ்சதும் பச்சைத் தோல் இருக்குற பக்கம் தான் வில்லோட முதுகு, அதாவது நம்மள பாக்காத பக்கம். அந்தத் தோல கத்தி படாம விட்டுடணும், இழுவிசைய தாங்கறதே அது தான். கணு மேடு மட்டும் எமரி பேப்பர்ல லேசா. சீவற வேலை பூரா உள்பக்கம், அதாவது வயிறு. நடுவுல 15 மில்லிமீட்டர் விட்டு நுனிக்கு போகப் போக குறைச்சுட்டே போங்க, அகலமும் நுனில ரெண்டு செண்டிமீட்டருக்கு வரணும். வயித்துப் பக்கத்த கரி அனல்ல ஒரு முழம் மேல பிடிச்சு, வெளிர் பழுப்பு நிறம் வர்ற வரைக்கும் காட்டினா கெட்டியாவும். கருக விடாதீங்க, அப்புறம் ரெண்டு நாள் சும்மா வெச்சிருந்து தான் வளைக்கணும்.

நாணுக்கு மருள் நாரு. கரட்டு ஓரம் வேலி ஓரம் கத்தி மாதிரி தடியா நிக்கும், வீட்ல தொட்டில வெக்கற பாம்புச் செடிக்கு சொந்தம் அது, இதுல நாண் திரிச்ச பழக்கம் இந்த நாட்டுல ரொம்பப் பழசு. மடல பலகை மேல வெச்சு மழுங்கின கத்தியால வழிச்சா சதை போயி வெள்ளை நாரு மட்டும் நிக்கும், அலசி காய வெச்சு, மூணு புரியா ஒரு பக்கம் முறுக்கி எதிர்ப்பக்கம் திரிக்கணும், தேன்மெழுகு தேய்க்கணும். நாணு வில்லோட இழுப்ப போல நாலு மடங்கு தாங்கணும்னு கணக்கு. 16 கிலோ வில்லுன்னா ஒரு சிமெண்ட் மூட்டையும் அது மேல ஒரு 25 கிலோ அரிசி மூட்டையும் தரைல இருந்து ஒரு விரக்கடை மேல தொங்கவிட்டு பாருங்க, தாங்கினா நம்பலாம். நைலான் கயிறு வேணாம், ஜவ்வா இழுபடும்.

இனிமே தான் பொறுமை வேணும். நாண முதல்ல தளர்வா மாட்டி, வில்ல சுவத்துல ஒரு கட்டை மேல படுக்க வெச்சு, நாண கயிறும் கப்பியும் போட்டு கீழ இருந்து இழுங்க, நீங்க தூரமா நின்னு வளைவ பாக்கணும். வில்லோட ரெண்டு கையும், அதாவது பிடிக்கு மேல் பாதியும் கீழ் பாதியும், ஒரே மாதிரி வளையுதா? எங்கயாவது ஒரு இடத்துல மட்டும் முழங்கை மாதிரி மடங்குதா? மடங்குற இடத்த தொடாதீங்க, மடங்காத இடத்துல சீவுங்க. நாலு இழை சீவினா 20, 30 தரம் பாதி இழுப்பு இழுத்து விடுங்க, அப்புறம் பாருங்க. மூங்கில் உடனே காட்டாது, கொஞ்ச நேரம் கழிச்சு தான் வளைவு மாறும். லக்கேஜ் வெயிட்டு பாக்கற தொங்கு தராச நாண்ல மாட்டிக்கங்க, 16 கிலோவ தாண்டி எப்பவும் இழுக்க வேணாம், அந்த 16 கிலோ 66 செண்டிமீட்டர் இழுப்புல வர்ற வரைக்கும் சீவிட்டே போகணும். நாண் மாட்டினா பிடிக்கும் நாணுக்கும் நடுவுல 15ல இருந்து 17 செண்டிமீட்டர் இருக்கட்டும்.

அம்பு வெக்காம நாண இழுத்து சும்மா விடக் கூடாது, வில்லு வெடிக்கும். யாராவது வீட்டுக்கு வந்தவங்க ஆசையா தூக்கி இழுத்துப் பாப்பாங்க, முன்னாடியே சொல்லிடுங்க.

அடிச்சுப் பழகறது, வேட்டைக் கணக்கு

மொட்டை மாடில வேணவே வேணாம். அறுப்பு முடிஞ்ச கழனில, பின்னாடி மண் மேடு இருக்குற இடமா பாத்து, மிஷின்ல சுருட்டின வைக்கோல் கட்ட வெச்சு அடிங்க. தினசரி பழக மரத்துலயே மொண்ணையா செஞ்ச முனை, அதே வெயிட்டுல. கல் முனைய நாலஞ்சு தரம் மட்டும். கல் முனை இறங்கின வைக்கோல மாட்டுக்கு போட்றாதீங்க, ஒரு சில்லு வயித்துக்குள்ள போனாலும் மாடு போச்சு. அத தனியா கொளுத்திடணும், சாம்பல கூட வயல்ல போட வேணாம்.

தூரம் 15 மீட்டர். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க, காரணம் கணக்குலயே இருக்கு. இந்த மாதிரி வில்லுல அம்பு ஒரு செகண்டுக்கு 40 மீட்டர் பக்கம் போகும், 15 மீட்டர கடக்க செகண்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல ஆவுது. நாண் சத்தமோ 340 மீட்டர் வேகத்துல போகுது, அம்பு கிளம்பின உடனே மான் காதுல விழுந்துடும். சத்தம் கேட்ட மான் பாய்றதுக்கு முன்னாடி உடம்ப தாழ்த்தும், அந்த நேரத்துல அம்பு முதுகுக்கு மேல போயிரும். தூரம் கூடக் கூட அதுக்கு கிடைக்கிற நேரமும் கூடுது. கல் முனை வேகத்துல கொல்றது கிடையாது, அறுக்கறதுல தான். அப்சிடியன் ஓரம் இரும்பு பிளேட விட மெலிசு, ஆனா தோள் எலும்புல பட்டா நொறுங்கிரும். அதனால தான் உலகம் பூரா கல் முனை வேட்டைக்காரங்க நெருங்கிப் போற வித்தைய முதல்ல கத்துக்கிட்டாங்க. ஆல்ப்ஸ் மலைல 1991ல பனிக்குள்ள கிடைச்ச, ஏட்ஸின்னு பேரு வெச்ச அஞ்சாயிரம் வருஷத்துப் பழைய மனுஷனையே கொன்னது தோள்ல இறங்கின ஒரு குட்டி சிக்கிமுக்கி முனை தான், ரத்தக் குழாய அறுத்துருக்கு, எக்ஸ்ரேல அது தெரிஞ்சது 2001ல.

அடிக்கற இடம், மிருகம் பக்கவாட்டா நிக்கறப்ப முன்னங்காலுக்கு ஒட்டின பின்பக்கம், உடம்பு உயரத்துல கீழ இருந்து மூணுல ஒரு பங்கு. நுரையீரலும் இருதயமும் அங்க. கொஞ்சம் நமக்கு முதுக காட்டி சாய்வா நின்னா இன்னும் நல்லது, தோள் எலும்பு குறுக்க வராது. நேரா நம்மள பாத்து நிக்கறத அடிக்கவே கூடாது. அமிர்தி உயிரியல் பூங்கால புள்ளிமானுங்கள பக்கத்துல பாத்து கால் எங்க முடியுது, விலா எங்க ஆரம்பிக்குதுன்னு கவனிச்சுட்டு வந்து, வைக்கோல்ல சாக்கு போட்டு அதே உயரத்துல உருவம் செஞ்சு வெச்சு அடிங்க.

முனை எவ்வளோ இறங்குதுன்னு தெரியணும்னா கறிக்கடைல ஒரு பக்கத்து ஆட்டு விலா வாங்கி, ரெண்டு மடிப்பு சணல் சாக்குக்கு பின்னாடி கட்டி அடிச்சுப் பாக்கலாம். விலா எலும்புக்கு நடுவுல போனா தடுக்காம போகும், எலும்புல பட்டா முனையோட நுனி மட்டும் போயிருக்கும், கட்டு நின்னுருக்கும். கட்டு கழண்டு வந்தா உங்க பசையோ காதோ சரியில்ல. அந்தக் கறிய சாப்பிட வேணாம், நாய்க்கும் போட வேணாம், பொதைச்சிடுங்க.

நெருங்கறதுக்கு காத்து தான் எல்லாம். மலையடிவாரத்துல விடியக்காலைல குளிர்ந்த காத்து மேல இருந்து கீழ இறங்கும், வெயில் ஏறினா கீழ இருந்து மேல போகும். வேட்டைக்காரன் காலைல கீழ இருந்து மேல ஏறுவான், மதியம் மேல இருந்து கீழ இறங்குவான், அவன் வாசனை பின்னாடியே தங்கிரும். கைல கொஞ்சம் சாம்பல வெச்சு ஊதிவிட்டு காத்து பாருங்க. நாம இத வில்லு இல்லாம கேமராவோட பழகலாம், ஏரிக்கரைல கொக்கு, கம்புள் கோழிகிட்ட 15 மீட்டருக்குள்ள பறக்க விடாம போயிட்டா நீங்க தேறிட்டீங்க. காலோட வெளி ஓரத்த முதல்ல வெச்சு, சருகு இல்லன்னு தெரிஞ்சப்புறம் வெயிட்ட இறக்குங்க, அது தலை நிமிர்த்தினா அப்படியே நில்லுங்க.

வேட்டைக்கு அனுமதி இருக்குற நாட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு. அம்பு பட்டதும் பின்னாடி ஓடாதீங்க. அரை மணி நேரமாவது உக்காருங்க. ரத்தம் இளஞ்சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், பக்கத்துலயே கிடக்கும். கருஞ்சிவப்பா இருந்தா கல்லீரல், நாலு மணி நேரம் விடுங்க. அம்புல பச்சையா, நாத்தமா இருந்தா குடல், எட்டு மணி நேரத்துக்கு குறையாம விட்டுட்டு தான் தேடணும், துரத்தினா அது எங்கயோ போய் வலில சாகும், உங்க கைக்கும் வராது. கறி அறுக்கறப்ப அம்பு போன தடத்த சுத்தி ஒரு கையளவு வெட்டி எறிஞ்சிடுங்க, கல்லுச் சில்லு கண்ணுக்குத் தெரியாது.

வேலை முடிஞ்சதும் நாண கழட்டிடணும், மாட்டியே வெச்சா வில்லு வளைவுலயே படிஞ்சு பலம் போவும். சுவத்துல சாய்க்காம ரெண்டு ஆணில படுக்க வையுங்க. மாசத்துக்கு ஒரு தரம் விளக்கெண்ணெய் தடவினா போதும். அம்ப தகரக் கூரைக்கு அடில, வண்டி டிக்கில எல்லாம் வெக்காதீங்க, பசை இளகும். முனைக்கு தோல்ல ஒரு உறை தெச்சு மாட்டி, குழந்தைங்களுக்கு எட்டாத உயரத்துல வையுங்க.